திட்டுகிறவரைப் பராமரிப்பது: ஒரு முதியோர் இல்லத்து நிகழ்வு ஆய்வு

பின்னணி

கடலூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் ஆதரவற்ற முதியவர்களுக்கான ஓர் இல்லம் இருக்கிறது. முப்பது பேர் வரை தங்கலாம். சன்மார்க்க அன்பர்கள் சிலர் அறக்கட்டளை ஒன்றைப் பதிவு செய்து நடத்துகிறார்கள். அரிசி, காய்கறி பெரும்பாலும் நன்கொடையாக வந்துவிடும். மற்றச் செலவுக்கு, பிறந்தநாள், திதி என்று ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டுகிறவர்களை நம்பித்தான் மாதக் கடைசி ஓடுகிறது. காலையில் அருட்பெருஞ்ஜோதி மந்திரம் சொன்ன பிறகுதான் அடுப்பு மூட்டுவார்கள்.

வடலூரை ஒட்டிய பகுதி என்பதால் இங்கே எல்லோருக்கும் சத்திய தருமச்சாலையின் கதை தெரியும். பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த நிலத்தில் 1867 மே 23 அன்று வள்ளலார் அதைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. பசி என்று வந்தவரை எந்த ஊர், எந்தச் சமயம், எந்தச் சாதி, எப்படி நடந்துகொள்கிறவர் என்று விசாரிக்கக் கூடாது என்பது அவர் வகுத்த ஜீவகாருண்ய ஒழுக்கம். இந்த இல்லமும் அதைத்தான் தன் விதியாக வைத்திருக்கிறது. சேர்க்கைப் படிவத்தில் சாதிக்குக் கட்டம் கிடையாது.

நான் இந்த இல்லத்துக்கு அவ்வப்போது போய்வரும் சமூகப் பணியாளர். இப்படி ஒரு சிக்கல் வேறு இல்லங்களிலும் வரும் (வந்திருக்கிறது, எழுதி வைப்பதில்லை) என்பதால், சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடு இதைப் பதிவு செய்கிறேன். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இல்லத்தில் பகலில் இரண்டு பெண் பணியாளர்கள், இரவுக்கு ஒரு தம்பி, காலையில் மட்டும் வந்துபோகும் ஆண் நர்ஸ், ஒரு சமையல்கார அம்மா. பெண் பணியாளர்களில் மூத்தவரை எல்லோரும் அக்கா என்பார்கள், இங்கேயும் அப்படியே. அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். எட்டாவது வரை படித்தவர். புண்ணுக்குக் கட்டுப் போடுவதில் அந்த நர்ஸை விடக் கைத்திறன் உள்ளவர் என்று நர்ஸே சொல்வார்.

பெரியவர் வந்து சேர்ந்தது

பேருந்து நிலையத்தில் சில நாட்களாகக் கிடந்தவரை, காவல் நிலையக் கடிதத்தோடு கொண்டுவந்து விட்டார்கள். எழுபதைத் தாண்டிய வயது. இடது காலில் பெருவிரலுக்குக் கீழே ஆழமான சர்க்கரைப் புண். அறைக்குள் நுழையும்போதே நாற்றம் வந்தது. சர்க்கரை அளவு 400-க்கு மேல். அரசு மருத்துவமனையில் சேர்த்து, புண்ணைச் சுத்தம் செய்து, இரண்டு வேளை இன்சுலின் எழுதி அனுப்பினார்கள். காலை ஊன்றக் கூடாது, தினமும் கட்டு மாற்ற வேண்டும் என்பது மருத்துவர் சொன்னது. கட்டு மாற்றும் வேலை அக்காவுக்கு வந்தது. இல்லத்தில் யாரும் அதைப் பற்றி இரண்டாவது முறை யோசிக்கவில்லை. எப்போதும் அவர்தான் செய்வார்.

பிள்ளைகள் யாரும் இல்லை என்று பெரியவர் சொன்னார். அவர் வைத்திருந்த வாக்காளர் அட்டையைக் கொண்டு ஊரை விசாரித்ததில் இரண்டு மகன், ஒரு மகள் என்று தெரிந்தது. அது பற்றிப் பின்னால் வருகிறேன்.

கவனித்தவை

முதல் இரண்டு வாரம் ஒரு தொந்தரவும் இல்லை. கட்டு மாற்றும்போது முனகுவார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு நாள், அக்கா எந்தத் தெருக்காரர் என்று பெரியவர் பக்கத்துக் கட்டில்காரரிடம் கேட்டிருக்கிறார். அவரும் சொல்லிவிட்டார். தெருப் பெயர் தெரிந்தால் போதும் என்பது நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அன்று இரவுச் சாப்பாட்டுத் தட்டை அக்கா கொண்டுபோனபோது, சாதிப் பெயரைச் சொல்லி, உன் கை பட்ட சோறு எனக்கு வேண்டாம் என்று தட்டைத் தள்ளிவிட்டார்.

அடுத்த நாளிலிருந்து அது வழக்கமாயிற்று. கட்டு மாற்ற மட்டும் காலை நீட்டுவார். நீட்டிக்கொண்டே திட்டுவார். நான் ஒரு காலை அங்கே இருந்தபோது பார்த்தது இது: அக்கா தரையில் உட்கார்ந்து, புண்ணோடு ஒட்டிப்போன துணியை உப்புநீர் விட்டு ஊறவைத்துக்கொண்டிருந்தார். அவசரமாகப் பிரித்தால் புதிதாக வளர்ந்த சதையும் பிய்ந்து வரும். அதனால் ஊறும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருக்கும் நேரம் முழுவதும், அவர் தலைக்கு மேலிருந்து வசவு வந்துகொண்டே இருந்தது. அம்மாவை இழுத்து, சாதியை இழுத்து. அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. ஊறிவிட்டதா என்று ஓரத்தை மட்டும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எடுத்த எடுப்பில் இதைக் குணக்கேடு என்று முடிவு கட்ட முடியாது. சர்க்கரை இறங்கினால் சிலருக்குக் கோபம் வரும். சிறுநீர்த் தொற்றோ, புண்ணிலிருந்து கிருமி இரத்தத்தில் கலந்தாலோ வயதானவர்கள் திடீரென்று குழம்பிப்போய்க் கண்டபடி பேசுவார்கள். மறதிநோயின் சில வகைகளில் வாய்க்கட்டுப்பாடு போய்விடும். குடித்துப் பழகியவர் நிறுத்தினாலும் இப்படி ஆகலாம். அதனால் இரண்டு காரியம் செய்யச் சொன்னேன். ஒன்று, மாவட்ட மனநலத் திட்டத்தில் அரசு மருத்துவமனைக்கு வரும் மருத்துவரிடம் காட்டுவது. இன்னொன்று, ஒரு நோட்டுப் போட்டு, திட்டும்போதெல்லாம் நேரம், அப்போதைய சர்க்கரை அளவு, என்ன நடந்துகொண்டிருந்தது, யார் இருந்தார்கள் என்று எழுதுவது.

மருத்துவர் நினைவாற்றலைச் சோதித்தார், இரத்தமும் சிறுநீரும் பார்க்கச் சொன்னார். வயதுக்கு உரிய சிறு மறதி தவிர வேறொன்றும் இல்லை. நோட்டு அதைவிடத் தெளிவாகப் பேசியது. சர்க்கரை ஏறினாலும் இறங்கினாலும் திட்டு வந்திருக்கிறது. வலிக்கும்போது கொஞ்சம் கூடுதல், ஆனால் வலியே இல்லாத சாப்பாட்டு நேரத்திலும் வந்திருக்கிறது. நர்ஸ் கட்டு மாற்றிய நாட்களில் அதே வலிக்கு ஒரு வார்த்தை கூட இல்லை. செயலாளர் வந்தால் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்து கும்பிடுகிறார். நோய் ஆள் பார்த்துத் திட்டாது. இவர் ஆள் பார்த்துத்தான் திட்டினார்.

இல்லத்தின் முதல் முடிவு

செயலாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர். நல்ல மனிதர், சொந்தப் பணத்தைப் போட்டு இல்லத்தை நடத்துகிறவர், வேஷம் இல்லாதவர். அவர் அக்காவைக் கூப்பிட்டுப் பேசினார். "நம்ம பொறுத்துக்கணும்மா. நல்லவங்ககிட்ட அன்பா இருக்கிறது எல்லாரும் செய்றது. இந்த மாதிரி ஆளுகிட்டயும் அன்பா இருந்தாத்தான் அது ஜீவகாருண்யம்."

அக்கா, "சரிங்கய்யா" என்றார்.

கொள்கையாகப் பார்த்தால் செயலாளர் சொன்னதில் குறை காண முடியாது. எல்லா உயிரையும் தம்முயிர்போல் பார் என்பதில் விதிவிலக்குப் பட்டியல் இல்லை. எனக்கு உறுத்தியது வேறு. இந்த முடிவை எடுத்தவர் பெரியவரிடமிருந்து வாங்கிக்கொள்வது கும்பிடு. முடிவைச் செயல்படுத்துகிறவர் வாங்கிக்கொள்வது வசவு, அதுவும் மாதம் 8,000 ரூபாய்க்கு. அன்பின் பெருமை அறக்கட்டளையின் பேரில் எழுதப்பட, செலவு முழுக்க ஒரே ஆளின் கணக்கில் போயிற்று.

விளைவுகள் ஒரு மாதத்துக்குள் தெரிந்தன. அக்கா இல்லத்தில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். விடுப்பே எடுக்காதவர் இடையிடையே வராமல் போனார். அவர் வராத நாட்களில் கட்டு மாற்றுவது தள்ளிப்போயிற்று, புண் மீண்டும் சீழ் வைத்தது. அதைவிட மோசமான ஒன்று: வேறு இரண்டு பெரியவர்களும், சாப்பாட்டை வேறு யாராவது கொண்டுவரட்டுமே என்று மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். அவர்கள் அக்கா கையால் வருடக்கணக்கில் சாப்பிட்டவர்கள். ஒருவர் பேசினால் இல்லம் பொறுத்துக்கொள்கிறது என்று பார்த்ததும் மற்றவர்களுக்கும் பழைய புத்தி எட்டிப் பார்த்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், யாரும் அதைச் சொல்ல விரும்பவில்லை என்றாலும். மற்றப் பணியாளர்கள் பெரியவரிடம் முகத்துக்கு நேரே எதுவும் பேசவில்லை. ஆனால் அவர் படுக்கை நனைந்தால் கடைசியில்தான் மாற்றப்பட்டது. சாம்பாரில் அவருக்குக் காய் விழவில்லை. கூப்பிட்டால் காது கேட்கவில்லை. இதற்கு யாரும் திட்டம் போடவில்லை. அன்பாக இரு என்று மேலிருந்து உத்தரவு வந்து, கோபத்தை வெளியே காட்ட வழியில்லாமல் போனால், அது இப்படிக் கரண்டி வழியாகத்தான் வெளிவரும்.

மகள் சொன்னது

இதற்கிடையே மகளின் தொலைபேசி எண் கிடைத்தது. நான்தான் பேசினேன். அப்பா உயிரோடு இருக்கிறார், இந்த நிலையில் இருக்கிறார் என்றதும் நீண்ட நேரம் பேச்சில்லை. அப்புறம் சொன்னார்: அம்மாவை அடித்தே கொன்றார் என்று சொல்ல முடியாது, ஆனால் அடி வாங்கி வாங்கித்தான் அம்மா செத்தார். அண்ணன்கள் பதினைந்து வருடமாக அவரோடு பேசுவதில்லை. "சோறு போடுங்க சார், மருந்து குடுங்க. என்னைக் கூப்பிடாதீங்க."

2007-இல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின்படி வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பிள்ளைகளிடம் மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கேட்கலாம். மூத்தவர்களைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. பெற்றவர் எப்படி நடந்துகொண்டார் என்று பார்த்து விலக்குத் தரும் பிரிவு நம் சட்டத்தில் இல்லை. சிங்கப்பூரின் 1995 சட்டத்தில், பிள்ளையைக் கொடுமைப்படுத்திய அல்லது கைவிட்ட பெற்றோரின் மனுவைத் தள்ளுபடி செய்ய இடம் இருக்கிறது. பொருளாளர் மனுப் போடலாம் என்றார். பெரியவரிடம் கேட்டோம். அவர், எவன் காசும் வேண்டாம் என்றார். அவர் சுயநினைவோடு இருப்பவர். அவர் ஒப்புதல் இல்லாமல் நாங்கள் அவர் சார்பில் மனுப் போட முடியாது. அதோடு விட்டோம். மகளை வற்புறுத்த வேண்டாம் என்றும் முடிவு செய்தோம். அவர் எதைத் தர முடியும், எதைத் தர முடியாது என்று அவரே கோடு போட்டுச் சொல்லிவிட்டார். பின்னால் நடந்த விவாதத்தில் அந்தக் கோடு எங்களுக்கு உதவியது.

அக்கா நின்றது

நன்கொடையாளர் குடும்பம் ஒன்று பேரக்குழந்தையின் பிறந்தநாளுக்குச் சாப்பாடு போட வந்திருந்த மதியம், அவர்கள் எதிரிலேயே பெரியவர் அக்காவைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டினார். அக்கா தட்டைப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு நேராகச் செயலாளர் அறைக்குப் போனார்.

"ஐயா, புண்ணுக்குக் கட்டு நான் போடுறேன். புண்ணு எனக்கு ஒண்ணும் பண்ணல. ஆனா பேச்சு கேட்டுக்கிட்டு அன்பா இருன்னு மட்டும் இனிமே சொல்லாதீங்க. அது எனக்கு வரல. வராதத வருதுன்னு நடிக்கவும் தெரியல."

இந்த விவகாரம் முழுவதிலும் மிகத் தெளிவாகப் பேசப்பட்டது இதுதான் என்று நினைக்கிறேன்.

பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ, அந்தப் பிரிவுகளைச் சேராத ஒருவர், பொதுமக்கள் பார்வையில் படும் எந்த இடத்திலும் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அதை அக்காவிடம் விளக்கினேன். புகார் கொடுப்பது அவர் உரிமை, இல்லம் தடுக்கக் கூடாது என்று செயலாளரிடமும் சொன்னேன். அக்கா இரண்டு நாள் யோசித்துவிட்டு வேண்டாம் என்றார். "கேசுன்னா அலையப்போறது நான்தானே?" அது அவருடைய முடிவு. அதைப் பெருந்தன்மை என்று யாரும் எழுத வேண்டாம்.

கூட்டமும் விவாதமும்

அடுத்த வாரம் நிர்வாகக் குழு கூடியது. வழக்கமாகப் பணியாளர்களைக் கூப்பிடுவதில்லை. இந்த முறை அக்கா, சமையல்கார அம்மா, நர்ஸ் மூவரையும் உட்கார வைக்க வேண்டும் என்று கேட்டிருந்தேன். நாற்காலி பற்றாமல் சமையல்கார அம்மா கதவருகே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

பொருளாளர், வேறு இல்லத்துக்கு அனுப்பிவிடலாம் என்றார். விசாரித்தோம். ஆறாத புண்ணோடு இன்சுலின் போடுகிறவரை எடுத்துக்கொள்ள எந்த இடமும் தயாராக இல்லை. வெளியே விட்டால் மறுபடியும் பேருந்து நிலையம், கால் போகும், அப்புறம் உயிர். அதைச் செய்ய யாருக்கும் மனம் இல்லை. அக்காவும் அதைக் கேட்கவில்லை.

இன்னொரு யோசனை, அக்காவைப் பெண்கள் பகுதிக்கு மாற்றிவிட்டு, பெரியவருக்குச் சாப்பாடு கொடுக்க இரவுத் தம்பியைப் பகலிலும் வரச் சொல்வது. கேட்பதற்கு இதமாக இருந்தது, பெரும்பாலோர் தலையாட்டினார்கள். நர்ஸ்தான் அதை உடைத்தார். "அப்படின்னா அவர் கேட்டத நாம குடுத்துட்டோம்னு அர்த்தம்." உண்மை. அக்காவைக் காப்பாற்றுகிறோம் என்ற பெயரில் தீண்டாமையை இல்லத்தின் ஏற்பாடாகவே ஆக்கிவிடும் முடிவு அது.

செயலாளர் மீண்டும் தருமச்சாலையைச் சொன்னார். அங்கே வருகிறவரை யார் என்று கேட்பதில்லை, நாமும் இவரை எப்படிப்பட்டவர் என்று பார்க்கக் கூடாது என்றார். அதுவரை வாய் திறக்காத சமையல்கார அம்மா பேசினார். "ஐயா, நான் சின்னப் பிள்ளையில இருந்து வடலூர் போறேன். வரிசையில உட்காருறவன யாருன்னு கேக்க மாட்டாங்க, நெசந்தான். உட்காருறவனும் ஆக்குனது யாரு, போடுறது யாருன்னு கேக்க முடியாது. கேட்டா எந்திரிச்சுப் போகணும், இல்ல சாப்பிடணும். ரெண்டு பக்கமும் கேக்காம இருந்தாத்தான் அது சாலை."

அறையில் கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம்தான். வாழ்நாள் முழுவதும் அந்த நூல்களைப் படித்த செயலாளர் அந்தக் கோணத்தில் அதைப் பார்த்ததில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார்.

அங்கிருந்து விவாதம் வேறு பாதையில் போயிற்று. அன்பாக உணர்வதை யாருக்கும் வேலையாகக் கொடுக்க முடியாது. டியூட்டி அட்டவணையில் எழுதக்கூடியது சாப்பாடு, மருந்து, கட்டு, காய்ந்த படுக்கை, திருப்பித் திட்டாமல் இருப்பது, கமுக்கமாகப் பழிவாங்காமல் இருப்பது. இவை யாருக்கும், எப்படிப்பட்டவருக்கும், ஒரு நிபந்தனையும் இல்லாமல் கிடைக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது, சிரிப்பது, மன்னிப்பது எல்லாம் அவரவர் தந்தால் உண்டு. கேட்டு வாங்க முடியாது. மகள் போனில் சொன்னதும் கிட்டத்தட்ட இதே கோடுதான்.

எடுத்த முடிவுகள்

நடக்க முடிந்தவரோ சக்கர நாற்காலியில் வரக்கூடியவரோ எல்லோருக்கும் இனி பந்திதான். கட்டிலுக்குத் தட்டுப் போவது எழ முடியாதவர்களுக்கு மட்டும். பரிமாறுவது யார் என்பது நாளுக்கு நாள் மாறும், அதில் அக்காவும் உண்டு, குழு உறுப்பினர்களும் உண்டு. யார் பரிமாற வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது. சாப்பிடாமல் எழுந்து போகிறவருக்குச் சாப்பாடு மூடி வைக்கப்படும். பசித்தால் எப்போது வேண்டுமானாலும் வந்து சாப்பிடலாம்.

இங்கே ஒரு மருத்துவச் சிக்கல் இருந்தது. பெரியவருக்கு எழுதியிருந்த இன்சுலின் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டிய வகை. ஊசி போட்டுவிட்டு அவர் சாப்பிட மறுத்தால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி மயக்கம், வலிப்பு வரை போகலாம். ஆக, அவருடைய மறுப்பு அவர் கையில் ஓர் ஆயுதம். அவர் அதை அறிந்திருந்தாரா என்பது வேறு விஷயம். மருத்துவரிடம் நிலைமையைச் சொன்னதும், சில வாரங்களுக்குச் சர்க்கரை சற்று ஏறி இருந்தாலும் பரவாயில்லை, சாப்பிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகு ஊசி போடுங்கள் என்று மாற்றி எழுதினார். இந்த மாற்றம் இல்லாமல் பந்தி ஏற்பாட்டை ஆரம்பிக்கவே முடிந்திருக்காது. சாப்பாட்டை வைத்து ஒழுங்கு கொண்டுவர நினைக்கும் இல்லங்கள் இதை முதலில் பார்க்க வேண்டும்.

கட்டு மாற்றும் வேலையை அக்காவும் நர்ஸும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பிரித்துக்கொண்டார்கள். திட்டு ஆரம்பித்தால் அக்கா புண்ணைச் சுத்தமான துணியால் மூடிவிட்டு எழுந்து போகலாம், பேச்சு நின்றதும் வந்து முடிக்கலாம். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். பெரியவரிடம் இதைச் சொல்லும் வேலையைச் செயலாளரே எடுத்துக்கொண்டார். அவர் யாரைக் கும்பிடுகிறாரோ அவர் வாயிலிருந்து வந்தால்தான் ஏறும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கூடவே, அவருடைய படுக்கை மாற்றிய நேரத்தை எழுதி வைக்கவும் ஏற்பாடு. அது பணியாளர்களைக் கண்காணிக்கத்தான். அதை அவர்களிடம் மறைக்கவில்லை.

தொடர்ந்து நடந்தவை

முதல் நாள் பந்தியில் அக்கா பரிமாறினார். பெரியவர் நாற்காலியைத் திருப்பச் சொன்னார், திருப்பிக்கொண்டு போனார்கள். ஊசி போடவில்லை, சர்க்கரையை மட்டும் பார்த்தார்கள். இரவு ஒன்பது மணிக்குமேல் தம்பியைக் கூப்பிட்டு மூடி வைத்த சோற்றைக் கேட்டிருக்கிறார். அது மதியம் அக்கா இலையில் வைத்த அதே சோறா என்று கேட்டாராம். தம்பி, "எல்லாம் ஒரே பானைதாங்க தாத்தா" என்றிருக்கிறார். சாப்பிட்டார். இப்படிச் சில நாட்கள் போயின. பிறகு பந்தியிலேயே சாப்பிட ஆரம்பித்தார், அக்கா பரிமாறும் நாட்களில் இலையைப் பார்த்தபடி.

மற்ற இரண்டு பெரியவர்களும் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் பெரிதாக ஒன்றும் யோசித்திருக்க மாட்டார்கள். வழி அடைபட்டது, அவ்வளவுதான்.

கட்டு மாற்றும்போது திட்டுவது குறைய நேரம் எடுத்தது. ஆரம்பத்தில் அக்கா நான்கைந்து முறை மூடிவிட்டு எழுந்து போயிருக்கிறார். புண்ணை மூடிப் பாதியில் விட்டால் அவருக்குத்தான் வலி. இது தண்டனையாகிவிடாதா என்று நர்ஸ் ஒரு முறை கேட்டார். நியாயமான கேள்வி. அதற்காகத்தான் முதலில் மூடிவிட்டுப் போக வேண்டும், கால் மணி நேரத்துக்குள் திரும்பி வர வேண்டும் என்று விதி சேர்த்தோம். அப்படியும் அந்தக் கேள்வி முழுக்கத் தீர்ந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை.

மூன்றாம் மாதம் பெருவிரல் கறுத்து, எடுக்க வேண்டும் என்றார்கள். அரசு மருத்துவமனையில் கூட இருக்க ஓர் ஆள் வேண்டும். இல்லத்துக்கு இதுதான் எப்போதும் பெரிய தலைவலி. பழைய வழக்கப்படி அக்காதான் போயிருப்பார். இம்முறை முதல் இரவு செயலாளரே போனார். நடு இரவில் பெரியவர் அவரிடம், "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டிருக்கிறார். நான் அதைச் சொல்வதில்லை என்றாராம் செயலாளர். அதன் பிறகு பெரியவர் அவரிடமும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். கும்பிடும் நின்றுபோயிற்று. "அந்த ஒரு ராத்திரியில அவர்மேல எனக்கு வந்த எரிச்சல நான் எதிர்பார்க்கல" என்று செயலாளர் சொன்னார். அதற்குப் பின் அவர் பணியாளர்களிடம் பொறுத்துக்கோ என்று சொல்லி நான் கேட்கவில்லை.

மகளுக்கு அறுவைச் சிகிச்சை பற்றிய செய்தி மட்டும் அனுப்பினோம். பதில் வரவில்லை. அடுத்த மாதம் கட்டுத் துணி, பஞ்சு வாங்க என்று இல்லத்தின் கணக்கில் சிறு தொகை ஒன்று போட்டிருந்தார், ரசீதில் தன் பெயர் வேண்டாம் என்ற குறிப்போடு. அப்பாவிடம் சொல்லலாமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார். சொல்லவில்லை.

இதை எழுதும்போது பெரியவர் இல்லத்தில்தான் இருக்கிறார். புண் ஆறிவிட்டது. வருத்தம் தெரிவிக்கவில்லை, மனம் மாறியதாகவும் தெரியவில்லை. அக்காவைச் சாதிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, "இந்தாம்மா" என்கிறார். முதல் வரைவில் இதை ஒரு முன்னேற்றம் என்று எழுதியிருந்ததை அக்காவுக்கு வாசித்துக் காட்டியபோது, "வாயை மூடியிருக்கார்னு எழுதுங்க, அது போதும்" என்றார். அப்படியே திருத்தியிருக்கிறேன். அக்கா மறுபடியும் இல்லத்தில் சாப்பிடுகிறார்.

மாற்ற வேண்டியவை

சேர்க்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்பது முதலாவது. உணவும் மருத்துவமும் நிபந்தனையில்லாமல் கிடைக்கும், யார் கையால் என்பதைத் தேர்ந்தெடுக்க முடியாது என்ற இரண்டு வரி இப்போது படிவத்தில் சேர்ந்திருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டப்படுகிறது.

முதல் வசவு விழுந்த நாளிலேயே நோட்டு ஆரம்பித்திருக்க வேண்டும். ஏறக்குறைய ஒரு மாதம் தாமதமாயிற்று. மருத்துவக் காரணம் ஏதாவது இருந்திருந்தால் அந்த ஒரு மாதம் அவருக்கே ஆபத்தாக முடிந்திருக்கும்.

பணியாளர் ஒருவர் சாதி சொல்லி இழிவுபடுத்தப்பட்டால் புகார் தர அவருக்கு உரிமை உண்டு, இல்லம் அதைத் தடுக்காது, அலைச்சலில் கூட வரும் என்று குழு தீர்மானம் எழுதியிருக்கிறது. கூட வரும் என்ற சொல்லைச் சேர்க்கத்தான் அதிக நேரம் பேச வேண்டியிருந்தது.

நிர்வாகக் குழு உறுப்பினர்கள் மாதம் ஒரு முறையாவது பரிமாறவோ மருத்துவமனையில் கூட இருக்கவோ வேண்டும் என்பதையும் விதியாக்கியிருக்கிறார்கள். பொருளாளர் இதுவரை ஒரு முறை பரிமாறியிருக்கிறார்.

கட்டு மாற்றுவது, மருத்துவமனையில் இரவு தங்குவது போன்ற கடினமான வேலைக்குத் தனிப்படி கொடுக்க வேண்டும் என்று நான் எழுத்தில் கேட்டிருக்கிறேன். சேவைக்குக் காசா என்று ஒரு உறுப்பினர் மறுத்தார். அக்கா ஏற்கெனவே சம்பளத்துக்குத்தான் வேலை செய்கிறார் என்பதை அவருக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது. விஷயம் ஆண்டுப் பொதுக்குழுவுக்குப் போயிருக்கிறது, இன்னும் முடிவாகவில்லை.